மஸ்கட் காசுக்கு முறை வைத்தவர்

டீக்கடையில் அவருக்கு டீ வாங்கிக் கொடுப்பது லேசான காரியம் இல்லை. கிளாஸ் கைக்கு வந்ததும் குடிக்கமாட்டார். சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பார். தமக்கு முன்னால் வந்து உட்கார்ந்த யாருக்காவது இன்னும் வரவில்லை என்று தெரிந்தால், "அந்தா, நீலச்சட்டை மொதல்ல வந்துச்சு. அதுக்குக் குடு" என்று கிளாஸைத் திருப்பி நீட்டிவிடுவார். நீலச்சட்டைக்காரர் டீ குடிக்க வந்தவரே இல்லை, திருச்சுழி பஸ்ஸுக்காக நிழலில் ஒதுங்கியவர். அதைச் சொன்னாலும் ஏறாது. "பெஞ்சுல ஒக்காந்துட்டா மொறைதானய்யா. வேணாம்னா அவரு வாயால வேணாம்னு சொல்லட்டும்." நீலச்சட்டைக்காரர் வேண்டாம் என்று சொல்லி, இவர் சரி என்று சொல்லி, கிளாஸ் மறுபடி கைக்கு வருவதற்குள் டீயில் ஆடை படர்ந்திருக்கும். ஆடையை விரலால் வழித்துப் போட்டுவிட்டு நிம்மதியாகக் குடிப்பார்.

சவரம் செய்துகொள்ளப் போனாலும் இதே கதைதான். ஒரு தீபாவளிக்கு முந்தின நாள், பாதி முகம் வழித்த நிலையில், தமக்கு முன்னால் வந்தவர் ஒருவர் கடைக்கு வெளியே நின்று பீடி குடித்துக்கொண்டிருப்பது கண்ணாடியில் தெரிந்திருக்கிறது. உடனே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கடைக்காரர் கத்தியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியும் கேட்கவில்லை. மற்ற பாதி முகத்தில் சோப்பு நுரையோடு பெஞ்சில் உட்கார்ந்து, அந்த பீடிக்காரர் முடிவெட்டிச் சவரமும் செய்து முடிக்கும்வரை காத்திருந்தார். நுரை காய்ந்து பொருக்குத் தட்டிப் போனதாம். இதை எனக்குச் சொன்னது அந்தக் கடைக்காரர். "அந்தாள் கடையில இருந்தா எவனும் குறுக்க பூர முடியாது, அது நமக்கு நல்லதுதான். ஆனா அந்தாளுக்கு வேலை பாத்து முடிக்க முடியாது சார்" என்றார்.

பரளச்சிக்குத் தெற்கே, பஸ் போகிற ரோட்டிலிருந்து உள்ளே நடந்து போக வேண்டிய ஒரு ஊர் அவருக்கு. அந்த ஊருக்கு ஒரு கண்மாய், கண்மாய்க்கு ஒரே ஒரு மடை. தண்ணீர் பெருகினால் யார் வயலுக்கு எந்தக் கிழமை, எவ்வளவு நேரம் என்று முறை வைத்து மடையைத் திறந்துவிடும் பொறுப்பு அவருடையது. முறைக்காரர் என்றுதான் ஊரில் அவரைச் சொல்வார்கள். அறுபதை ஒட்டிய வயது, நல்ல உயரம். தோளில் மண்வெட்டி இல்லாத நேரத்திலும் இருப்பது போலவே ஒரு பக்கம் சாய்ந்துதான் நடப்பார்.

சங்கடம் என்னவென்றால், நான் அவரைப் பார்த்த காலத்தில் அந்தக் கண்மாய் பெருகிப் பல வருஷம் ஆகியிருந்தது. உள்ளே பையன்கள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். முறை வைக்கத் தண்ணீர் இல்லாத முறைக்காரராக அவர் ஊரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். டீக்கடை, ரேஷன் கடை, பஸ் படிக்கட்டு என்று எங்கெங்கே மனிதர்கள் நாலு பேர் கூடினார்களோ அங்கெல்லாம் முறை வைத்துப் பார்த்தார். அது எதுவும் அவருக்குப் போதவில்லை. அப்போதுதான் அந்த ஊருக்கு மஸ்கட்டிலிருந்து காசு வர ஆரம்பித்தது.

அந்தக் காசு எங்கள் பேங்க் வழியாக வந்தது. அருப்புக்கோட்டையில் நூல் கடைக்கு மேலே மாடியில் இருந்த சின்னக் கிளை அது. எனக்கு முதல் வேலை. அப்பா பருத்திக் கிட்டங்கியில் லோடு ஏற்றுகிறவர். பாளையம்பட்டியில் எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய், பி.காம். முடித்து, பேனாவைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு டவுன் பஸ் ஏறியவன் நான்தான். ஆகையால் எதைச் செய்தாலும் கொஞ்சம் கூடுதலாகவே செய்வேன். வெளிநாட்டுப் பணம் வரும் ஸீட்டில் உட்கார மற்றவர்கள் தயங்கியபோது நானாகக் கேட்டு வாங்கினேன்.

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்ப ஒரு ஏற்பாடு உண்டு. உலகத்தில் உள்ள பெரிய பேங்குகளுக்கெல்லாம் சில இங்கிலீஷ் எழுத்துகளைச் சேர்த்து ஒரு அடையாளம் கொடுத்திருக்கிறார்கள். மஸ்கட்டில் பணம் கட்டுகிற இடத்தில் அந்த எழுத்துகளைச் சொன்னால் காசு தவறாமல் அந்த பேங்குக்கு வந்து விழும். எங்கள் கிளைக்கு அப்படி எழுத்து கிடையாது, அவ்வளவு பெரிய கிளை இல்லை. மதுரையில் இருக்கும் எங்கள் பெரிய கிளையின் எழுத்தைத்தான் போட வேண்டும். அதற்குக் கீழே எங்கள் கிளையின் பெயரும் கணக்கு எண்ணும் எழுதினால், மதுரையில் விழுந்த காசை அவர்கள் பிரித்து எங்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள். டிராஃப்ட் எடுத்துப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு மாதக்கணக்கில் தபால்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய விடுதலை. நான் சொந்தக் காசில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து, வருகிறவர்கள் பாஸ்புக்கில் எல்லாம் அந்த எழுத்துகளைக் குத்திக் கொடுத்தேன்.

முறைக்காரரும் வந்தார். மகன் மஸ்கட்டில் கம்பி கட்டும் வேலையில் இருந்தான். ஸ்டாம்ப் குத்திய பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, எம் மகனுக்கு இந்த எழுத்து. சரி. கீழத்தெரு சம்முகம் மகனுக்கு எந்த எழுத்து?"

"அவருக்கும் இதேதான்யா."

"மாதா கோயில் தெருவுல சூசை இருக்கானே, கொத்தனாரு. அவனும் அங்கனதான் இருக்கான்."

"எல்லாருக்கும் இதேதான்யா. நம்ம பேங்குக் காசு பூராவும் முதல்ல மதுரையில போய் விழுந்துதான் இங்க வரும்."

பாஸ்புக்கை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "ஒரே மடை" என்றார்.

இவ்வளவு சுருக்கமாக அதை யாரும் புரிந்துகொண்டதில்லை. நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

அந்த மாதக் கடைசியில் மதுரைக் கிளையில் டெலிபோன் பழுதாகிப் போனது. காசு அங்கே வந்து கிடந்தும் எங்களுக்குச் சொல்ல வழி இல்லை. சம்பளம் வாங்கியதும் எல்லா மகன்களும் ஒரே சமயத்தில் அனுப்பியிருந்ததால், எங்கள் மாடிப்படி முழுக்க அம்மாக்களும் மனைவிமார்களும் உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஒவ்வொருவரிடமும் போன் பழுது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். முறைக்காரர் படியின் நடுவில் நின்று கூட்டத்தைப் பார்த்தார். வெகுநாளைக்குப் பிறகு நிறைந்த கண்மாயைப் பார்ப்பவர்போல அவர் முகம் இருந்தது.

"எல்லாரும் ஒரே நேரத்துல தொறந்துவிட்டா எப்படி வரும்? மடை தாங்குமா?" என்றார்.

"ஐயா, இது போன் ரிப்பேரு."

"அது எதனால ரிப்பேராச்சு?"

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரைக் கூட்டி முறை போட்டுவிட்டார். முதல் வாரம் மேலத்தெரு. இரண்டாவது நடுத்தெரு. மூன்றாவது கீழத்தெரு. நாலாவது மாதா கோயில் தெரு. அந்தந்தத் தெரு மகன்கள் அந்தந்த வாரத்தில்தான் அனுப்ப வேண்டும். லெட்டர் எழுதுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் இதையும் சேர்த்து எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்காக அவரே போஸ்ட் ஆபீஸ் வாசலில் நின்று சொல்லி எழுத வைத்தார்.

அடுத்த மாதம் காசு மளமளவென்று வந்தது. மதுரையில் போன் சரியாகிவிட்டது என்பது எனக்குத் தெரியும். ஊர் கண்ணால் கண்டது வேறு.

மகன்கள் முதலில் சிரித்தார்கள். "கேம்ப்ல மலையாளத்தான் எல்லாம் கேலி பண்றான். ஒங்க ஊர்ல காசுக்கு வாய்க்கா வெட்டியிருக்காகளான்னு கேக்குறான்" என்று ஒரு பையன் எழுதியிருந்ததை அவன் அம்மா என்னிடம் காட்டினார். ஆனாலும் முறைப்படிதான் அனுப்பினான். சைக்கிளில் மீன் கொண்டு வருகிறவர்கூட முறை தெரிந்து வைத்திருந்தார். எந்த வாரம் எந்தத் தெருவில் மணியடிப்பது என்பதில் அவருக்குக் குழப்பமே வந்ததில்லை.

நான் மேனேஜரிடம் போய், "சார், அந்த ஊர்ல தப்பா ஒண்ணு நம்பிக்கிட்டு இருக்காங்க. நாம ஒரு நாள் போய் விளக்கிச் சொல்லணும்" என்றேன்.

"என்னன்னு நம்புறாங்க?"

சொன்னேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்ப்பா, மாசக் கடைசியில படியில ஏற முடியாமக் கெடந்துச்சு. இப்ப வாரம் ஒரு தெரு, அளவா வர்றாக. அந்த மனுசன் நம்ம ஸ்டாஃப்பா இருந்தா புரமோஷன் குடுக்கலாம். நீ போய் அதக் கெடுத்து வச்சுறாத."

கெடுக்க முயற்சி செய்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு விடுமுறை நாளில் பரளச்சி பஸ் ஏறிப் போய், அவர் ஊர் டீக்கடையில் உட்கார்ந்து, உலகத்தில் ஒரு நாளில் எத்தனை கோடி இந்த வழியாகப் போய் வருகிறது, நம் ஊர்க் காசு அதில் ஒரு சொட்டுகூட இல்லை என்று எல்லோரும் கேட்கும்படி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாக் காசும் அந்த எழுத்துலதான வருது?"

"ஆமாய்யா."

"மதுரையில ஒரே எடத்துலதான விழுகுது?"

"இடம்னு இல்லைய்யா, அது ஒரு கணக்கு."

"விழுகுதா, விழுகலையா?"

"விழுகுது."

"அப்புறம் எதுக்குத் தம்பி பஸ்ஸுக்குக் காசு செலவழிச்சுக்கிட்டு வந்தீக" என்றார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு டீ வந்தது. எனக்கு முன்னால் வந்த இரண்டு பேருக்குக் கொடுத்த பிறகுதான் வந்தது.

முறையை மீறினவர்களை அவர் திட்டமாட்டார். அது இன்னும் மோசம். கீழத்தெருவில் ஒருவர், மகன் டி.வி.எஸ். வண்டி வாங்க அனுப்புகிறான் என்று நடுத்தெரு வாரத்தில் காசு வரவழைத்துவிட்டார். நேரம் பாருங்கள், அதே வாரம் ஒரு பேங்க் விடுமுறை வந்து நடுத்தெருவில் ஒரு அம்மாவுக்குக் காசு தாமதமாகிவிட்டது. முறைக்காரர் அந்தப் புது வண்டிக்கு முன்னால் போய் நின்று, அதைச் சுற்றி வந்து, "வண்டி நல்லாருக்கு. நடுத்தெருவுல அந்தப் பிள்ளை வீட்டுல அரிசியில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். வண்டிக்காரர் மறுநாள் அரிசி மூட்டையை அதே வண்டியின் பின்னால் கட்டி அந்த அம்மா வீட்டில் இறக்கிவைத்துவிட்டு வந்தார்.

அப்படிப்பட்டவரிடம்தான் ஒரு திங்கட்கிழமை மேரி போய் நின்றிருக்கிறது. மேரி என்றால் சூசைக் கொத்தனாரின் மனைவி. அவர்களுடைய மூத்த மகளுக்கு மதுரையில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்து லெட்டர் வந்திருந்தது. அந்த வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். நடந்துகொண்டிருந்தது முதல் வாரம், மேலத்தெரு முறை. மாதா கோயில் தெருவுக்கு நாலாவது வாரம்தான்.

பேசாமல் டெலிபோன் பூத்துக்குப் போய்ப் புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மேரி அப்படிச் செய்யவில்லை. மேலத்தெருவில் முறைக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றது. நடந்ததைப் பிறகு மேரியே எனக்குச் சொன்னது.

"மாமா, பிள்ளைக்கு வெள்ளிக்கெழமைக்குள்ள கட்டணும். யாரு வீட்டு மொறையாச்சும் எனக்கு மாத்திக் குடுங்க."

அங்கே இருந்த மேலத்தெருக்காரர்கள் ஆளாளுக்குக் கூரையைப் பார்த்தார்கள். ஒருவர், "மொற போட்டா போட்டதுதான். நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாக" என்றார்.

முறைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஏத்தா மேரி, ஏம் வீட்டு மொறைய நீ எடுத்துக்க. ஓம் மொறைய நான் எடுத்துக்கிறேன். எந்திரி, சூசைக்குப் போன் பண்ணுவோம்."

உள்ளேயிருந்து மருமகள் ஓடிவந்தாள். "மாமா, மூணாவது வாரம் கல்யாணம்."

அவருடைய தங்கை மகளுக்குத்தான் கல்யாணம். அவர் தாய்மாமன். சீராக ஒரு சங்கிலியும் பட்டுச்சேலையும் வைப்பதாகச் சொல்லியிருந்தார், தங்கை அதை மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருந்தார். அதற்கான காசைத்தான் மகன் இந்த வாரம் அனுப்பவேண்டும். நாலாவது வாரத்துக்குப் போய்விட்டால் கல்யாணத்தன்று கையில் ஒன்றும் இருக்காது. அவர் மருமகளை ஒரு தரம் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அருப்புக்கோட்டை பூத்தில் இரண்டு போன் பேசினார்கள். சூசையிடம் பேசியது சீக்கிரம் முடிந்துவிட்டது. மகனிடம் பேசியதுதான் பூத்துக்கு வெளியே வரைக்கும் கேட்டதாம்.

"யப்பா, ரெண்டு பேருமே அனுப்புறோம்பா. என்ன ஆயிரப்போகுது?"

"நீ அனுப்பாத. ஓம் மொற இல்ல."

"அத்த மக கல்யாணம்பா."

"தெரியும்லே. சோத்துக்கு அங்கன கஷ்டமில்லையே? சரி, வை. மீட்டரு ஓடுது."

புதன்கிழமை மதுரையிலிருந்து போன் வந்தது. நான் பெயர்களைக் குறித்துக்கொண்டே வந்தேன். சூசை அனுப்பியது வந்திருந்தது. அடுத்த பெயர் முறைக்காரருடையது. மகன் பேச்சைக் கேட்கவில்லை, அனுப்பிவிட்டான். ஒரே நாளில், ஒரே எழுத்தில், இரண்டு காசும் ஒன்றை ஒன்று முட்டாமல் வந்து சேர்ந்திருந்தன. இதைவிட நல்ல அத்தாட்சி எனக்கு எங்கே கிடைக்கும்? மறுநாள் மேரியோடு துணைக்கு அவர் வந்ததும் எழுந்து நின்றே சொன்னேன்.

"ஐயா, ரெண்டு பேருக்கும் வந்திருச்சு. பாருங்க, நான் சொன்னேன்ல. மடையெல்லாம் இல்லைய்யா. ரெண்டு பேரும் எடுத்துக்கிட்டுப் போங்க."

மேரி கையை நெஞ்சில் வைத்துக்கொண்டது. அவர் முகம் மாறவில்லை.

"வேற யாருக்கு வரணும் இன்னைக்கு?"

"யாருக்கும் இல்லைய்யா. வரவேண்டியது எல்லாம் வந்திருச்சு."

"இப்பத் தெரியாது. எம் மகன் மொறையில்லாம எடுத்துட்டான். பின்னாடி எவனுக்கோ வத்தும்."

"வத்தாதுய்யா."

"வத்தலேன்னா நல்லது. நாலாவது வாரம் முடியட்டும். எல்லாருக்கும் வந்துருச்சுன்னு நீங்க சொல்லுங்க, அப்புறமா எடுத்துக்கிறேன். அது வரைக்கும் கெடக்கட்டும்." மேரியைப் பார்த்து, "நீ வாங்கிக்கத்தா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

மேரி பணத்தை வாங்கிக்கொண்டு என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது. வெள்ளிக்கிழமை காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போய்க் கட்டிவிட்டது.

அடுத்த வாரம் அவருடைய தங்கை எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். அண்ணனைப் போலவே உயரம், அதே சாய்ந்த நடை. கோபத்தில் மூச்சு வாங்கியது.

"தம்பி, எங்கண்ணன் காசு உங்ககிட்டத்தான கெடக்கு?"

"கெடக்கும்மா."

"அத எங்கிட்டக் குடுத்துருங்க."

"அவர் கையெழுத்து வேணும்மா."

"கையெழுத்துப் போடுற மனுசனா இருந்தா நான் ஏன் இங்க வாரேன்? ஏந் தம்பி, தாய்மாமன் தட்டுல வெறுந் தேங்காயும் வெத்தலையும் வந்தா எம் மகளப் போற எடத்துல எவ மதிப்பா? மாமியாக்காரி சாகுற மட்டும் சொல்லிக் காட்டுவா. இந்தாளு மூஞ்சியில எப்படி நான் முழிக்க?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சின்னப்பிள்ளையில எங்க ரெண்டு பேருக்கும் ஒரே வட்டில்ல சோறு. அதுலயும் ஒரு கை நீ, ஒரு கை நான்னு மொற வைக்கும். நான் ரெண்டு கை எடுத்துட்டா அது அன்னைக்குப் பட்டினி கெடக்கும். அப்பவே கொன்னு போட்டிருக்கணும்" என்றார்.

அன்று சாயங்காலமே நான் அவரைத் தேடிப் போய், வாழ்க்கையில் அதுவரை யாரிடமும் பேசாத அளவுக்குப் பேசினேன். வாதம் எல்லாம் என் பக்கம் இருந்தது. "நீங்க கல்யாணத்துக்கு வந்துருங்க தம்பி" என்று பத்திரிகையை நீட்டினார்.

போனேன். திருச்சுழியில் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். தாலி கட்டி முடிந்ததும் மொய் எழுதுகிறவர் மைக்கைப் பிடித்துக்கொண்டார். தாய்மாமன் சீர்தான் முதலில். முறைக்காரர் வெள்ளை வேட்டியில், கையில் தாம்பாளத்தோடு வந்தார். தேங்காய், வெற்றிலை பாக்கு, கொஞ்சம் பூ. மண்டபமே தாம்பாளத்தை எட்டிப் பார்த்தது. மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர், "பட்டுச்சேலையத் தேங்காய்க்குள்ள மடிச்சு வச்சிருக்காகளோ" என்றார். சிலர் சிரித்தார்கள். மணப்பெண் தலை இன்னும் கீழே போனது. தங்கை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முறைக்காரர் மைக்கைக் கேட்டு வாங்கினார். அதை எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும் என்று தெரியாமல் வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

"தாய்மாமன் சீரு, ஒரு சங்கிலி, ஒரு பட்டு. காசு வந்துருச்சு. மொற இன்னும் வரல. அடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டுக்கே வரும்."

மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். மொய் எழுதுகிறவர் பேனாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தார். பெண்கள் பக்கத்திலிருந்து மேரி எழுந்தது. "அது எனக்குக் குடுத்த மொற" என்றது. குரல் அவ்வளவாக எழும்பவில்லை. "எம் பிள்ளை படிப்புக்குக் குடுத்தாக. சிரிக்கிறவுக என்னயப் பாத்துச் சிரிங்க."

சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். அடுத்துப் பேசியது மாப்பிள்ளைதான். கழுத்தில் மாலையோடு, விளையாட்டாகவா நிஜமாகவா என்று சொல்ல முடியாத முகத்தோடு கேட்டான்.

"பெரியப்பா, எனக்கும் அடுத்த மாசம் மஸ்கட் விசா வருது. எனக்கு எந்த வாரம்னு இப்பவே சொல்லிருங்க."

மண்டபம் முழுக்க இப்போது வேறுவிதமாகச் சிரித்தது. மாப்பிள்ளையின் அப்பாகூடச் சிரித்துவிட்டார். தங்கை தூணை விட்டுக் கையை எடுத்தார். சிரிக்காத ஒரே ஆள் முறைக்காரர்.

"ஒங்களுக்கு இங்க மொற கெடையாது மாப்ள. ஒங்க ஊரு வீரசோழனுக்கு அந்தப் பக்கம். வேற தண்ணி, வேற மடை."

"இல்ல பெரியப்பா, நானும் இதே பேங்குலதான் கணக்கு வச்சிருக்கேன்."

அவர் மெதுவாகத் திரும்பி என்னைத் தேடினார். நான் பந்திக்குப் போக எழுந்து நின்றிருந்தேன்.

"தம்பி, அவுக ஊருக்கும் இதே எழுத்தா?"

"ஆமாய்யா."

"திருச்சுழிக்கு?"

"நம்ம பேங்குல கணக்கு வச்சிருந்தா, எந்த ஊரா இருந்தாலும் இதேதான்யா."

அவர் தலையைக் குனிந்துகொண்டே என்னோடு நடந்தார். பந்தியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். இலையில் போட்டது அப்படியே இருந்தது. சீர் இல்லாமல் வந்த வருத்தம் மனிதரைத் தின்கிறது என்று நினைத்து, "விடுங்கய்யா, அடுத்த வாரம் ஜோராச் செஞ்சிறலாம்" என்று ஆறுதல் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார்.

நாலாவது வாரம் சனிக்கிழமை காலையில் பேங்க் திறக்கும் முன்பே படியில் இருந்தார். மாதா கோயில் தெருவுக்கெல்லாம் வந்துவிட்டதா, வேறு யாருக்கும் பாக்கி உண்டா என்று கேட்டு, நான் ஒவ்வொரு பெயராகச் சொல்லி முடித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். அரை நாள் வேலை முடிந்ததும் என்னையும் கூட வரச் சொன்னார். "மொறையிலதான் எடுத்தேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார். நகைக்கடை, துணிக்கடை இரண்டும் முடிந்து வீரசோழன் பஸ்ஸில் ஏறினோம். அவர், அவருடைய தங்கை, நான், மேரி. தாம்பாளத்தை மேரி மடியில் வைத்திருந்தது. தங்கை எவ்வளவு கேட்டும் அதைக் கொடுக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டுத் தெருமுனையில் இறங்கியதும் தங்கை குரலை உயர்த்திக்கொண்டார். "இந்தா, எங்கண்ணன் சீர் கொண்டாந்திருக்கு" என்று திறந்த வாசல்களுக்கெல்லாம் கேட்கும்படி சொல்லிக்கொண்டே நடந்தார். பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். தாம்பாளத்தில் சிவப்புக் காகிதத்தின் மேல் சங்கிலி வெயிலில் மின்னியது. கல்யாண மண்டபத்தில் கிடைத்திருக்க வேண்டியதைவிட இரண்டு மடங்கு ஆட்கள் அங்கே பார்த்தார்கள் என்பது தங்கையின் கணக்கு. புதுப்பெண் வாசலுக்கு ஓடிவந்தாள். மாப்பிள்ளையின் அப்பா தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு, "வாங்க, வாங்க" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

முறைக்காரர் மேரியிடமிருந்து தாம்பாளத்தை வாங்கி அவரிடம் நீட்டினார். அவர் ஒரு விளிம்பைப் பிடித்தார். இவர் மறு விளிம்பை விடவில்லை.

"ஒங்க ஊர்ல எத்தன பேரு வெளிநாட்டுல இருக்கான்?"

"அது இருப்பான் ஒரு பத்து இருபது பேரு. ஏன்?" என்று மாப்பிள்ளையின் அப்பா தாம்பாளத்தை லேசாக இழுத்தார்.

"தெருவாரியாச் சொல்லுங்க" என்றார் அவர்.